எல்லாருக்கும் பொதுவா இருந்த சொல்லு கஞ்சனுக்குப் பேரான கதை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர் ஈசூன்லேர்ந்து எழுதுறேன். வீட்டுலயே தொடக்கப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு இங்கிலிஷ் துணைப்பாடம் எடுக்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, உங்க பேப்பர அதுக்கும் முன்னாடியிலேர்ந்து படிக்கிறேன், ஆனா ஒரு கடிதம் கூட எழுதினது இல்ல. இப்ப எழுத வச்சது ஒரே ஒரு இங்கிலிஷ் சொல்லு, அதக் கேட்ட ஒரு பையன். எம், இ, ஏ, என். 'மீன்'. தமிழ்ல எழுதினா நாம குழம்பு வைக்கிற மீன் மாதிரியேதான் தெரியும், அதனால இங்கிலிஷ் சொல்ல எழுதுற இடத்துல எல்லாம் மேற்கோள் குறி போட்டுடறேன், குழப்பம் வராது.

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க அஞ்சு பேரு மேசையச் சுத்தி உக்காந்து பயிற்சித்தாள் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒரு வாக்கியம், ஒரு வயசானவரு புது ஃபேன் கூட வாங்காத அளவுக்கு 'மீன்', அப்படின்னா என்ன அர்த்தம்னு கேள்வி. மூணு பேரு 'கெட்டவரு, எல்லாரையும் திட்டுவாரு'ன்னு எழுதிட்டாங்க. ஒரு பொண்ணு 'ஆவரேஜ்'னு எழுதினா, அவ அக்கா உயர்நிலைப்பள்ளியில படிக்கிறா, அங்க கணக்குல மீன், மீடியன், மோட்னு மூணு வருது, அத வீட்டுல கேட்டுட்டு வந்துருக்கா. ஒருத்தன் மட்டும் எதுவும் எழுதாம உக்காந்துருந்தான். நான் சொன்னேன், இந்த எடத்துல 'மீன்'னா கஞ்சம்பா, காசு இருந்தும் செலவு பண்ண மனசு வராதவங்கள பிரிட்டிஷ் இங்கிலிஷ்ல அப்படி சொல்லுவாங்க, நீங்க கார்ட்டூன்ல கேக்குற 'யூ ஆர் சோ மீன்'ங்கிறது அமெரிக்கப் பேச்சு, அங்க அதுக்கு அர்த்தம் கொடூரமா, மோசமா நடந்துக்கிறவன்னு. சரின்னு எல்லாரும் அடிச்சுத் திருத்தி எழுதினாங்க. எதுவும் எழுதாம இருந்த பையன் தலைய நிமித்தி மெதுவா கேட்டான், "அப்ப எங்கப்பாவும் 'மீன்' தானே டீச்சர்?"

எனக்கு சட்டுனு பதில் வரல. அவன் காரணமும் சொன்னான். எங்க வீட்டு ஃபேனும் உடைஞ்சுதான் இருக்கு, முன்னாடி கம்பி வலை கழண்டு போச்சு, அப்பா செவப்பு ராஃபியா கயித்தால கட்டி வச்சிருக்காரு, புதுசு வாங்கமாட்டேங்கிறாரு. ஃபுட் கோர்ட்டுக்குப் போனா தண்ணி பாட்டில் வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வருவாரு, எல்லாரும் பபுள் டீ வாங்குவாங்க எங்களுக்கு மட்டும் கிடையாது. இத அவன் புகாரா சொல்லல, பயிற்சித்தாள்ல வந்த வார்த்தைக்கு உதாரணம் சொல்ற மாதிரிதான் சொன்னான். மத்த பிள்ளைங்க எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இல்லப்பா, உங்கப்பா அப்படி இல்லன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன், ஆனா அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அது மனச விட்டுப் போகல. சரி இந்த சொல்லு எங்கேர்ந்துதான் வந்துச்சுன்னு பெரிய அகராதிய எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்தேன். அதுல கெடைச்சத உங்க வாசகர்கள் கிட்ட சொல்லணும், ஏன்னா வீட்டுல பிள்ளைங்க இந்த சொல்ல தெனம் பேசுது, நாமளும் பேசுறோம்.

மொதல்ல ஒண்ணு, 'மீன்'ங்கிறது ஒரு சொல்லு இல்ல, மூணு சொல்லு. நம்ம 'ஆறு' இருக்கே, ஓடுற ஆறு, எண்ணு ஆறு, சோறு ஆறுது, எல்லாம் ஒரே சத்தம் ஆனா வேற வேற, அந்த மாதிரி. 'ஐ டிட்ன்ட் மீன் இட்'ன்னு சொல்றோமே, நான் அப்படி நெனச்சு சொல்லலன்னு, அது பழைய இங்கிலிஷ்லேர்ந்து நேரா வந்த ஒரு வினைச்சொல்லு, அதுக்கும் கஞ்சத்துக்கும் சம்பந்தமே இல்ல, விட்டுடலாம். ரெண்டாவது கணக்குல வர்ற 'மீன்', சராசரி. அது லத்தீன் மொழியில 'நடுவுல இருக்கிறது'ங்கிற சொல்லுலேர்ந்து பிரெஞ்சு வழியா வந்தது, மீடியன், மீடியம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இதுலேர்ந்துதான் 'மீன்ஸ்'னு எஸ் சேத்து சொல்ற வார்த்தையும் வந்துச்சு, அதாவது நமக்கும் நாம செய்ய நெனைக்கிற காரியத்துக்கும் நடுவுல நிக்கிறது, வழி, கருவி, அப்புறம் அந்த வழிக்கு வேண்டிய காசு பணம். தமிழ்லயும் அப்படித்தானே பேசுறோம், 'அவனுக்கு ஏது வழி, வழியில்லாதவன் என்ன பண்ணுவான்'னு சொன்னா ரோட்டயா சொல்றோம், கையில காசு இல்லங்கிறதத்தான் சொல்றோம்.

இந்த 'மீன்ஸ்' நம்ம ஊர்ல எல்லார் வீட்டுக்கும் கடுதாசியில வர்ற சொல்லு. மீன்ஸ் டெஸ்டிங். 2009 ஜனவரியிலேர்ந்து அரசாங்க மருத்துவமனைங்கள்ல பி2, சிங்கிற கட்டணம் கொறஞ்ச வார்டுக்கு வருமானம் பாத்து உதவித்தொகை குடுக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் வேற பல திட்டத்துக்கும் அது வந்துடுச்சு. எங்க பிளாக்குல ஒரு வயசான அக்கா அந்தக் கடுதாசிய எடுத்துட்டு வந்து ஏம்மா, 'மீன்'னா கஞ்சன்னு என் பேத்தி சொல்றா, நான் கஞ்சமா இல்லையான்னு சோதிக்கப் போறாங்களான்னு உண்மையாவே பயந்து கேட்டாங்க. அக்கா இது வேற, உங்களுக்கு வழி எவ்வளவு இருக்குன்னு பாக்குறாங்க அவ்வளவுதான்னு சொல்லி உக்கார வச்சு ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டினேன். ஒரு சொல்லு ஒருத்தர எவ்வளவு பயமுறுத்துதுன்னு பாருங்க. கடுதாசி நாலு மொழியில வந்தாலும் வீட்டுல பேரப்பிள்ளைங்க படிச்சு சொல்றது இங்கிலிஷ்லதான்.

மூணாவது சொல்லுதான் நான் சொல்ல வந்தது, கஞ்சம்ங்கிற 'மீன்'. இது பழைய இங்கிலிஷ்ல கொஞ்சம் நீளமா, முன்னாடி ஒரு அசை சேந்து, ஏறக்குறைய 'யெமேனெ'ன்னு இருந்துச்சு. அதோட அர்த்தம் என்ன தெரியுமா? பொது. எல்லாருக்கும் சொந்தம். எல்லாரும் பகிர்ந்துக்கிறது. இத அகராதியில படிச்சப்ப நான் ரெண்டு தடவ திரும்பிப் படிச்சேன், பக்கம் மாறிப்போச்சோன்னு. ஜெர்மன் மொழியில இதோட ஒடம்பொறப்பு 'கெமைன்', அதுலேர்ந்து வந்த 'கெமைன்டே'ன்னா ஊர்ச் சமூகம். லத்தீன் பக்கம் இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் 'கம்யூனிஸ்', அதுலேர்ந்து வந்ததுதான் காமன், கம்யூனிட்டி எல்லாம். அப்படின்னா நம்ம வீட்டு வாசல்ல இருக்கிற காமன் காரிடார், பிள்ளைங்க டான்ஸ் கத்துக்கப் போற கம்யூனிட்டி கிளப், கஞ்சனத் திட்டுற 'மீன்', எல்லாம் தூரத்துச் சொந்தக்காரங்க. எல்லாருக்கும் பங்கு உண்டுங்கிறதுக்கு இருந்த சொல்லு, இன்னிக்கு யாருக்கும் பங்கு தராதவனுக்குப் பேரா நிக்குது.

வள்ளுவர் ஊருணின்னு சொன்னாரே, ஊருணி நீர் நிறைந்தற்றேன்னு, ஊரே வந்து தண்ணி எடுத்துக் குடிக்கிற கொளம், நல்லவன் கிட்ட இருக்கிற செல்வம் அந்த மாதிரின்னு. அந்த ஊருணிக்கு அன்னிக்கு இங்கிலிஷ்காரன் ஒரு அடைமொழி போடணும்னா இந்த 'மீன்'ஐத்தான் போட்டிருப்பான்.

அப்புறம் எப்படி இப்படி ஆச்சு? அகராதியில வருஷ வாரியா அடுக்கி வச்சிருக்கிற அர்த்தங்களப் பாத்தா ஒரு படிக்கட்டுல எறங்கற மாதிரி இருக்கு. எல்லாருக்கும் பொதுன்னா அது சாதாரண சனங்களோடது. சாதாரண சனங்களோடதுன்னா ஒசத்தி இல்ல, மட்டம். 'மீன்' மனுசன்னா பணக்காரனும் இல்ல பிரபுவும் இல்ல, ஏழை எளியவன், கீழ்க்குடியில பொறந்தவன். 1611ல வந்த இங்கிலிஷ் பைபிள்ல பவுல் நான் 'நோ மீன் சிட்டி'யோட குடிமகன்னு சொல்லுவாரு, அதுக்கு கஞ்ச ஊரு இல்லைன்னு அர்த்தம் இல்ல, அற்ப ஊரு இல்ல, பேரு பெத்த ஊருன்னு அர்த்தம். இன்னிக்கும் பெரிய சாதனைய 'நோ மீன் ஃபீட்'னு எழுதுறாங்களே அதுலயும் இதே அர்த்தம்தான். நடுத்தரம்னு அர்த்தம் வர்ற அந்த இன்னொரு 'மீன்' பக்கத்துலயே இருந்ததால ரெண்டும் கலந்து இன்னும் கொஞ்சம் கீழ இழுத்துவிட்டுருச்சு. அப்புறம் கீழ்க்குடிக்காரன்னா அவன் புத்தியும் சின்னதாத்தான் இருக்கும், சின்ன புத்தின்னா கை நீளாது, அப்படின்னு ஒரு படி. கடைசியா கஞ்சன். அதுக்கும் அப்புறம் 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவுல இன்னொரு பக்கம் திரும்பி, கொடூரமா நடந்துக்கிறவன்னு ஆச்சு, நம்ம பிள்ளைங்க யூடியூப்ல கேக்குறது அதத்தான்.

இந்தப் படிக்கட்டுல எங்கயாவது ஒரு எடத்துல ஏழைங்க கஞ்சமா நடந்ததா எழுதியிருக்கா? இல்லவே இல்ல. சொல்ல கீழ தள்ளினது மேல இருந்தவங்க. அன்னிக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரு, யார் பேச்சு ஏட்டுல ஏறிச்சு, அதையும் யோசிக்கணும். 'வில்லன்'ங்கிறோமே, அதுவும் இப்படித்தான், பண்ணையில வேலை செஞ்ச குடியானவனுக்குப் பேரு அது, அவன் பேருதான் கெட்டவனுக்குப் பேராப் போச்சு.

இதுக்கு நேர் எதிர்ச்சொல்லு எடுத்துக்கோங்க, ஜெனரஸ். தாராள மனசு. அதுக்கு லத்தீன் மூலத்துல என்ன அர்த்தம்னா ஒசந்த குலத்துல பொறந்தவன். இங்கிலிஷ்லயும் மொதல்ல அந்த அர்த்தத்துலதான் எழுதிக்கிட்டு இருந்தாங்க, கை தாராளம்ங்கிறது பின்னாடி வந்து சேந்தது. லிபரல்னு சொன்னா அடிமையா இல்லாத சுதந்திர மனுசன். ஆக, குடுக்கிறவனுக்குப் பெரிய குலத்தோட பேரு, குடுக்காதவனுக்குச் சாதாரண சனத்தோட பேரு. இங்கிலிஷ் பேசுறவங்க யாரும் இன்னிக்கு இத நெனச்சுக்கிட்டுப் பேசல, அது எனக்குத் தெரியும். ஆனா சொல்லுக்குள்ள அது ஒக்காந்துக்கிட்டு இருக்கு.

இந்த எடத்துக்கு வந்தப்பதான் எனக்கு ஔவையார் ஞாபகம் வந்தாங்க. சாதி இரண்டொழிய வேறில்லைன்னு ஆரம்பிச்சு, இட்டார் பெரியோர் இடாதார் இழிகுலத்தோர்னு பாடினாங்களே. சின்ன வயசுல மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சதுதான், பாட்ட ஒப்பிச்சதுக்கு ஒரு பென்சில் கூடப் பரிசா வாங்கினேன், ஆனா அதுல என்ன செஞ்சிருக்காங்கன்னு இந்த இங்கிலிஷ் சொல்லப் படிச்ச பிறகுதான் எனக்குப் புரிஞ்சுது. இங்கிலிஷ் சொல்லு சொல்றது, கீழ பொறந்தவன், அதனால குடுக்கமாட்டான். ஔவை அத அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க, எவன் குடுக்கலையோ அவன்தான் கீழ, அவன் எந்த வீட்டுல பொறந்திருந்தாலும் சரி. பொறப்ப வச்சு குணத்த சொல்லல, குணத்த வச்சுத்தான் குலத்தையே சொல்றாங்க. நாலே வரியில.

வள்ளுவரும் கயமைன்னு ஒரு அதிகாரம் வச்சிருக்காரு, கயவர்னா இழிஞ்ச குணம் உள்ளவங்க, இங்கிலிஷ்ல 'மீன்'னு தாராளமா மொழிபெயர்க்கலாம். அதுல ஒரு குறள், ஈர்ங்கை விதிரார் கயவர்னு ஆரம்பிக்கும். சாப்பிட்டு எழுந்த ஈரக் கைய ஒதறினா ஒரு பருக்கை கீழ விழுந்துருமோன்னு அதக்கூட ஒதறமாட்டாங்களாம், தாடைய ஒடைக்கிறவன் கை முஷ்டிய மடக்கிட்டு வந்தா மட்டும் குடுப்பாங்களாம். எச்சக் கையால காக்கா ஓட்டமாட்டான்னு நாம பேசுறோமே, அது அந்தக் கையேதான். கஞ்சத்தனத்தையும் கயமையையும் இங்கிலிஷ் ஒரே சொல்லுல வச்சிருக்கு, வள்ளுவர் ஒரே குறள்ல வச்சிருக்காரு. ஆனா வள்ளுவர் கயவர்னு சொன்னது யாரோட பொறப்பையும் பாத்து இல்ல.

அதுக்காக தமிழ் சுத்தம், இங்கிலிஷ் மோசம்னு நான் சொல்ல வரல, அப்படி சொன்னா பொய்யாயிரும். தொல்காப்பியத்துலயே கேக்குறதுக்கு மூணு சொல்லு வகுத்து வச்சிருக்கு, ஈன்னு கேக்குறவன் தாழ்ந்தவன், தான்னு கேக்குறவன் சமமானவன், கொடுன்னு கேக்குறவன் ஒசந்தவன். குடுக்கல் வாங்கல்ல மேல கீழ பாக்குறது நமக்கும் இருந்திருக்கு. 'பொது'ங்கிற சொல்லையும் நாம எல்லா எடத்துலயும் மரியாதையா வச்சிக்கல, பொதுமக்கள்னா மரியாதை, பொதுமகளிர்னா வேற அர்த்தம். பொண்ணுங்கன்னு வந்த ஒடனே தமிழும் அந்தச் சொல்லக் கீழ எறக்கிடுச்சு. அது எனக்கு வருத்தம்தான்.

கஞ்சத்துக்கு மத்த சொல்லுங்களையும் கொஞ்சம் பாத்தேன். மைசர்ங்கிற சொல்லுக்கு லத்தீன்ல பரிதாபத்துக்குரியவன்னு அர்த்தம், மிசரி அதே குடும்பம், கஞ்சனப் பாத்து யாரோ எரக்கப்பட்டு வச்ச பேரு போல. சீப்ங்கிறது மொதல்ல சந்தை, வியாபாரம், லண்டன்ல சீப்சைட்னு ஒரு தெரு இருக்கே அது மலிவான தெரு இல்ல, சந்தைத் தெரு. தமிழ்ல உலோபி வடமொழிச் சொல்லு, பேராசைக்காரன்னு அர்த்தம். பிசினாறின்னு எங்க ஆத்தா திட்டுவாங்க, வேப்பமரத்துப் பிசின் கையில ஒட்டினா விடுமா, அந்த மாதிரி. இங்க நம்ம கூட இருக்கிறவங்க சொல்றத கேட்டா இன்னும் நல்லா இருக்கும், ஹோக்கியன்ல கியாம் சியாப், உப்பும் துவர்ப்பும்னு அர்த்தம், நாக்குல வச்ச ஒடனே மொகம் சுருங்குமே அதுதான். மலாய்க்காரங்க கெடக்குட்னு சொல்லுவாங்க, ரொம்ப கஞ்சன்னா தங்காய் ஜெரிங், ஜெரிங் கொட்டையோட காம்பு, லேசுல ஒடச்சு எடுக்க முடியாது. பாருங்க, பிசின், உப்பு, துவர்ப்பு, காம்பு, இதுல எதுலயும் குலமும் இல்ல வசதியும் இல்ல, அந்த குணத்த மட்டும் தொட்டுப் பாத்து வச்ச பேரு. எனக்கு இந்த சொல்லுங்கதான் பிடிச்சிருக்கு.

இப்ப அந்தப் பையனோட அப்பா விஷயத்துக்கு வர்றேன். அவரு லாரி ஓட்டுறவரு. ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்து ரெண்டு மாசம் வகுப்பு எடுக்க முடியல. எல்லார் வீட்டுலயும் சொல்லிட்டேன், வகுப்பு இல்ல, பணமும் வேணாம்னு. முதல் தேதி சாயங்காலம் கதவ தட்டுறாங்க, பாத்தா இவரு, வேலை உடுப்போட, கையில எப்பவும் குடுக்கிற மாதிரி பழுப்புக் கவரு. நாலா மடிச்ச நோட்டு, அதுல பையன் பேரு எழுதி, மாசம் எழுதி. நான் வாங்கமாட்டேன்னேன். "டீச்சர், உங்களுக்கும் வீட்டு வாடகை, மருந்துன்னு செலவு இருக்கும்ல, நீங்க வந்ததும் கழிச்சுக்கலாம்"னாரு. ரெண்டு மாசமும் கொண்டாந்து குடுத்தாரு. அப்புறம் கழிக்கலாம்னு நான் சொன்னப்ப பையனுக்கு பரீட்சை வருது டீச்சர், அதுல கொஞ்சம் கூடப் பாத்துக்கோங்கன்னு சொல்லி முடிச்சிட்டாரு. அந்த ஃபேன்ல செவப்பு ராஃபியா கயிறு கட்டின மனுசன்தான் இவரு. இது அந்தப் பையனுக்குத் தெரியாது. மத்த பிள்ளைங்க முன்னாடி நான் அத சொல்லவும் முடியாது, அவரு சொல்லிக்க விரும்பாதத நான் எப்படி சொல்றது.

இப்படி ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல. தன் கோப்பிய கொறச்சுக்கிட்டு ஊருக்கு மாசாமாசம் அனுப்புற தம்பிங்கள ஞாயித்துக்கெழம தேக்கா பக்கம், அதான் லிட்டில் இந்தியா, போனா பாக்கலாம். தங்கச்சி கல்யாணம், அம்மா கண்ணு ஆபரேஷன், வீட்டுக்கு மேல் தளம். கூட வேலை செய்யிறவங்க அவங்கள "ரொம்ப ஸ்டிஞ்சி, ஒரு டீ வாங்கித் தரமாட்டான்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றத நானே என் காதால கேட்டிருக்கேன், சொன்னவரும் தமிழர்தான். தனக்கு சிக்கனம், மத்தவங்களுக்குக் குடுக்கிறது, இது கஞ்சத்தனம் இல்ல. இருந்தும் குடுக்காததுதான் கஞ்சத்தனம். இந்த வித்தியாசம் தமிழ்ல சொல்லுலயே இருக்கு, சிக்கனம் வேற கஞ்சத்தனம் வேற, ஆனா பேசும்போது நாம ஒண்ணாப் போட்டு கலக்கிடறோம், இங்கிலிஷ் சொல்லு வந்த பிறகு இன்னும் கலந்துடுச்சு.

இந்த ஊரோட தமிழ் வரலாற்றப் பாத்தாலும் ஔவை சொன்னதுதான் நடந்திருக்கு. பி. கோவிந்தசாமி பிள்ளை சின்ன வயசுல ஒண்ணும் இல்லாம கப்பல் ஏறி வந்து மளிகைக் கடையில வேலைக்கு நின்னவரு. பின்னாடி அவரு குடுத்ததுதான் சிராங்கூன் ரோட்டு பெருமாள் கோயில்ல அவரு பேர்லயே நிக்கிற கல்யாண மண்டபம், எத்தனை ஏழை வீட்டுக் கல்யாணம் அங்க நடந்திருக்கும். 1950கள்ல மலாயா பல்கலைக்கழகத்துல இந்திய இயல் துறைக்காக தமிழ் முரசு நடத்தின கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்'னு நிதி தெரட்டினப்ப அள்ளிக் குடுத்தது பெரிய எடத்துக்காரங்க மட்டும் இல்ல, துறைமுகத்துலயும் தோட்டத்துலயும் கூலி வேலை பாத்தவங்க ஒரு வெள்ளி ரெண்டு வெள்ளின்னு குடுத்தாங்க. எங்கப்பாவும் துறைமுகத்துலதான் வேலை பாத்தாரு, அந்த நிதியப் பத்தி பேசினா அவரு குரலே மாறும். பழைய இங்கிலிஷ் கணக்குப்படி பாத்தா இவங்க எல்லாரும் 'மீன்' மனுசங்க, சாதாரண சனங்க. இவங்க குடுத்த காசும் சேந்துதான் தமிழ், பல்கலைக்கழகத்துக்குள்ள போய் ஒக்காந்துச்சு. அத பெருமையா சொல்ல நம்ம கிட்ட ஒரு தமிழ்ப் பேப்பர் இருந்துச்சு, அதான் இத உங்க கிட்டயே எழுதுறேன்.

ஐயா கிட்ட நான் கேக்குறது ரெண்டு. மாணவர் பக்கத்துல வாரத்துக்கு ஒரு சொல்லு போடுங்க. இங்கிலிஷ் சொல்லோ தமிழ் சொல்லோ, அது எங்கேர்ந்து வந்துச்சு, யாரு வாயில பட்டு எப்படி மாறிச்சு, நம்ம தமிழ்ல அதுக்கு நேரா என்ன இருக்குன்னு அரைப் பக்கம் போதும். பிள்ளைங்க இலக்கணம் மறந்துருவாங்க, சொல்லோட கதைய மறக்கமாட்டாங்க, இது நான் இருபது வருஷமா மேசையில பாக்குறது. ரெண்டாவது, சிக்கனத்தப் பத்தி செய்தி, துணுக்கு, சிரிப்புப் படம் எது போட்டாலும் கஞ்சன்ங்கிற சொல்ல யாருக்கு வைக்கிறோம்னு ஒரு தடவ பாத்துட்டுப் போடுங்க. பழைய பையத் துவைச்சு மடிச்சு வைக்கிற பாட்டி படத்துக்குக் கீழ அந்தச் சொல்லு வரக்கூடாது. அந்தப் பாட்டிதான் பேரனுக்கு சீனப் புத்தாண்டு அங்பாவ் மாதிரி கவர்ல அம்பது வெள்ளி போட்டுக் குடுக்கிறவங்க.

பையன் கிட்ட நான் பேசிட்டேன். அடுத்த சனிக்கிழமை மத்தவங்க போன பிறகு அவன மட்டும் பத்து நிமிஷம் உக்கார வச்சு, காகிதத்துல மூணு 'மீன்' எழுதி, மூணுக்கும் அடியில வேரு மாதிரி கோடு போட்டுக் காட்டினேன். பொதுன்னு அர்த்தம் வந்த வேர அவன் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் 'மீன்ஸ்' எழுதின எடத்துல விரல வச்சு, "எங்கப்பாவுக்கு இதுதான் டீச்சர் கம்மி"ன்னான். ஆமாம்பான்னேன். அந்தக் காகிதத்த எடுத்துக்கலாமான்னு கேட்டான், மடிச்சு பென்சில் டப்பாக்குள்ள வச்சிக்கிட்டான்.

வாசகர்கள் வீட்டுல பெரியவங்க கஞ்சனுக்கு வேற என்ன என்ன பேரு சொல்லுவாங்கன்னு தெரிஞ்சா உங்களுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்க. எங்க ஆத்தா பக்கம் தஞ்சாவூர், எனக்குத் தெரிஞ்சது பிசினாறியோட நின்னு போச்சு. யாழ்ப்பாணத்துக்காரங்க, திருநெல்வேலிக்காரங்க, கடையநல்லூர், தென்காசிக்காரங்க எல்லாம் இங்க இருக்காங்க, அவங்க கிட்ட இன்னும் நெறைய இருக்கும். வந்தா ஒரு பக்கத்துல தொகுத்துப் போடுங்க, நான் வெட்டி எடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருவேன், சனிக்கிழமை பிள்ளைங்க வந்து படிக்கும்.

இப்படிக்கு,
ஒரு துணைப்பாட ஆசிரியை,
ஈசூன்